பனி தாங்கும் தளம்

சங்ககிரியில் லாரிகளை நிறுத்த கான்கிரீட் தளம் கேட்ட கிருத்திகா, ஒரு நிபந்தனையும் வைத்தாள்.

“நாப்பது டன் லாரி நின்னாலும், பனி உறைஞ்சாலும் வெடிப்பு விழுகக் கூடாதுங்க.”

ஒப்பந்தக்காரர் கலையரசன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். லாரிக் கம்பெனி முதலாளியம்மாவுக்கு இந்த ஊர் வெயில்கூடவா தெரியாது?

“பனிக்குன்னே தனி மருந்து கலக்கோணுமுங்க அம்மிணி. செலவாகும்.”

“ஆகட்டுங்க. இருபது வருச உத்தரவாதம் வேணும்.”

ஒப்பந்தத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்திட்டார். மருந்தை ஒரு சொட்டும் கலக்கவில்லை. சங்ககிரியில் என்றைக்குப் பனி உறைவது, என்றைக்கு இவர் மாட்டுவது?

தளம் இறுகியதும் கிருத்திகா பாரம் ஏற்றிய லாரிகளை நிறுத்திப் பார்த்தாள். கீறல்கூட விழவில்லை.

“பனியும் தாங்குமுங்களா?”

“இமயமலையே பேந்து வந்தாலும் தாங்குமுங்க!”

“அது எதுக்குங்க வரணும்? நாமதான் அங்க போறோம். எங்க லாரி பாதி லடாக்குலதான் ஓடுது. இது மாதிரிக்குப் போட்டதுங்க. ஒப்பந்தத்துல மூணாம் பக்கம் பாக்கலீங்களா? அங்க ஆறு ஏக்கர் தளம், உங்க உத்தரவாதத்துல.”

கலையரசன் அவசரமாக மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார்.

“அம்மிணி... அங்க மருந்தை ரெண்டு பங்காப் போட்டுரலாமுங்க.”

“எதுக்குங்க வீண் செலவு?” கிருத்திகா சிரித்தாள். “இதுல எவ்வளவு போட்டீங்களோ, அவ்வளவே போதுமுங்க.”