நீலச் சேறு

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த ஆண்டு, எங்கள் ஊரான காஜா பேராங் வாசகர் வட்டத்தில் எல்லோரும் சேர்ந்து இல்லாத ஊர் ஒன்றை எழுதினோம். ஆளுக்கொரு தெரு; எனக்கு ஊரின் எல்லைச் சாலை. எனக்குப் பிடித்தவை இரண்டு. கருணாகரனின் தெருவில் சேறு நீல நிறம். பொன்னம்மாவின் தெருவில் ஒரே வீடு. போர்க்காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாத அவர் கணவர் அப்பாசாமி, அங்கே சுருட்டுப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“என்னாக்கா, கற்பனை ஆளத்தானே எழுதச் சொன்னோம்?” என்றார் கருணாகரன்.

“அவரு செத்தத நீ பாத்தியா?” என்ற பொன்னம்மா என் பக்கம் திரும்பினார். “அண்ணே, நீங்கதானே எல்லை ரோடு எழுதுறீங்க? அத எங்க வீட்டு வரைக்கும் கொண்டாந்துருங்க. அவருக்கு வழி வேணும்ல.”

நான் சாலையைக் கருணாகரனின் தெரு வழியாக, பொன்னம்மாவின் நிஜ வீட்டு வாசல்வரை எழுதி முடித்தேன்.

அடுத்த கூட்டத்துக்குப் பொன்னம்மா வரவில்லை. நானும் கருணாகரனும் பார்க்கப் போனோம். பல நாட்களாக மழை இல்லை. வாசல் குழாயடியில் அவர் ஆண்கள் செருப்பு ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“மெதுவா பேசுங்கண்ணே. நடந்தே வந்திருக்காரு, தூங்குறாரு.”

தண்ணீர் நீலமாக ஓடி வந்தது. கருணாகரன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.