கட்டை பிடிக்கிற கை

"நாளையிலருந்து நீ கட்டையப் புடிக்க வாணாம் ரமணா. டிராக்டர் வருது. அது புடிச்சிக்கும்," என்றார் சிட்டிபாபு.

நகரிப் பக்கம் விறகு மண்டி வைத்திருப்பவர் அவர். மெஷின் என்று அவர்கள் சொல்லும் மோட்டார் ரம்பத்தைக் கையில் பிடித்து அவர் அறுப்பார். கட்டை உருளாமல் காலால் மிதித்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடிப்பது ரமணாவின் வேலை. பதினோரு வருஷமாக அதே வேலைதான். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை பாருங்கள்.

ரமணாவுக்குக் காரணம் தெரியும். போன வாரம் ஒரு மாங்கட்டையை அறுக்கும்போது மெஷின் விலகி, அவன் லுங்கியைக் கிழித்துக்கொண்டு போனது. முழங்கால் தப்பியது தெய்வாதீனம்.

"கட்டைய ஆட்டிட்டேண்ணா, என் தப்புதான்," என்று அப்போதே கும்பிட்டான். சிட்டிபாபு மெஷினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் வேண்டாம் என்று சொன்ன மறுநாள் காலையில் ரமணாவோடு அவன் மனைவி தாட்சாயணியும் மண்டிக்கு வந்தாள். டிராக்டர் நின்றிருந்தது. அதன் முன்னால் நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு இரும்புப் பிடி.

"ஏண்ணா, ஒரு தடவ கை தவறினதுக்கா வேலைய விட்டுத் தள்றீங்க? ஜொரத்துலகூட வந்து புடிச்சாரே இவரு. இரும்பு வந்துட்டா மனுசன் வாணாமா?"

"இரும்மா, சொல்றேன்."

"இன்னா சொல்லுவீங்க? வேற வேலயும் தெரியாதே இவருக்கு. நாங்க எங்க போறது?"

விறகு வாங்க வந்தவர்கள், "அவ கேக்கறது நியாயம்தானே," என்று முணுமுணுத்தார்கள்.

சிட்டிபாபு டிராக்டரில் ஏறி உட்கார்ந்து லீவரை இழுத்தார். கொடுக்கு ஒரு மாங்கட்டையைக் கவ்வி, இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நிறுத்தியது. கட்டை அசையவே இல்லை.

"நல்லாதான் புடிக்குது," என்றாள் தாட்சாயணி. "பசிக்குதுன்னும் கேக்காது. உங்களுக்கு சவுகரியம்."

அதற்கும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"ரமணா, மெஷின எடு."

"எடுத்து எங்கண்ணா வைக்கணும்?"

"வைக்க வாணாம். ஸ்டார்ட் பண்ணி அறு."

ரமணா அப்படியே நின்றான். துடைக்கக்கூட அந்த மெஷினை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை.

"அன்னிக்கு நீ கட்டைய ஆட்டல ரமணா," என்றார் சிட்டிபாபு, எல்லோருக்கும் கேட்கும்படி. "ஆடினது என் கை. ஆறு மாசமா நடுங்கிக்கினு இருக்குது. சொல்ல வெக்கமா இருந்திச்சி. தப்பு என்னிது, நீ கும்பிட்ட. அதப் பாத்துக்கினு வாய மூடிக்கினு போய்ட்டேன். ராத்திரில்லாம் தூக்கமே இல்ல."

அவர் நீட்டிய வலது கையைத் தாட்சாயணி அப்போதுதான் பார்த்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. அங்கேயே ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். வைததையெல்லாம் எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியவில்லை.

"எனக்கு அறுக்கத் தெரியுமாண்ணா?" என்றான் ரமணா.

"பதினோரு வருசம் பக்கத்துலருந்து பாத்தவன்தானே? லீவர் இழுக்க எனக்கு இடது கை போதும்," என்றார் சிட்டிபாபு. "இத்தினி நாளு எனக்கு நீ புடிச்ச. இனிமே நீ அறு. நான் புடிச்சிக்கிறேன்."