நாலாம் நிலைப் புறா

மயிலாப்பூரில் ஒரு புறா இருந்தது. அது மூன்று முறை வயற்காட்டு மைனாவின் பொந்தில் போய்த் தங்கியது. மொத்தம் பத்தொன்பது நாள். "எங்க வீடு கோயில் கோபுரத்துல, நாலாம் நிலை" என்று இரை தின்னும்போதெல்லாம் சொல்லிக்கொண்டது. உண்மையில் அது குடியிருந்தது கோபுரத்துக்கு எதிர்வீட்டு மாடியில், ஏசி மெஷினுக்குப் பின்னால் ஒரு சாண் இடத்தில்.

"நாங்க எப்போ வரலாம் அண்ணே?" என்று மைனா புறப்படும்போதெல்லாம் கேட்கும்.

"சித்திரையில வராதே தங்கச்சி, கல்லெல்லாம் கொதிக்கும்" என்றது முதல் முறை. அடுத்த முறை, ஐப்பசியில் தெருவெல்லாம் தண்ணீர் என்றது. மூன்றாம் முறை, "மார்கழியில கச்சேரிக் கூட்டம், கால் வைக்க இடமிருக்காது. தை பொறக்கட்டும், பார்ப்போம்" என்றது.

தை பிறந்த மூன்றாம் நாள், அலகில் ஒரு புது நெற்கதிரோடு மைனா வந்துவிட்டது. நாலாம் நிலையில் கதிரை வைத்துவிட்டு, அங்கே குடியிருந்த புறாக்களிடம் விசாரித்தது. எதிரே மெஷினுக்குப் பின்னால் புறா ஒடுங்கி நின்றது.

"அப்படி யாரும் இல்லையேம்மா. இங்க நாங்க ஏழே பேருதான்" என்றது கோபுரத்துப் புறா ஒன்று.

"ஊருக்குப் போயிருப்பாரு. அடிக்கடி விருந்து போறவரு. வந்தா இதைக் கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு மைனா திரும்பிப் பறந்தது.

கதிர் அங்கேயே கிடந்தது. போய் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நாலாம் நிலையில் குடியிருப்பவன் நான்தான் என்று அந்த ஏழு பேரிடமும் சொல்ல வேண்டும்.