பதினோரு பொய் அலாரங்கள்

“பதினோரு தடவை உங்க பெட்டி கத்தியிருக்கு. பதினோரு தடவையும் ஒரு பல்புகூட அணையலை. இதுக்கு என்னம்மா சொல்றீங்க?”

கேட்டவர் மின் விநியோக நிறுவனத்தின் புதுமைப் பிரிவுத் தலைவர். அவர் தலைக்குப் பின்னால் சுவரில், ‘தோல்வியைக் கொண்டாடுவோம்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது.

எதிரே ஒரு இளம்பெண் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். டிரான்ஸ்ஃபார்மரில் எந்த இணைப்பு சூடாகிறது, எது எரியப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் சின்னப் பெட்டி அவள் செய்தது. ஆறு மாதம் ஒரு வட்டாரத்தில் மாட்டிச் சோதித்தார்கள். பெட்டி கத்திய ஏழு நாளுக்குள் பழுது வந்தால் அவளுக்கு மதிப்பெண். வராவிட்டால் பொய் அலாரம். இன்று தேறினால் ஊர் முழுக்க அவள் பெட்டிதான். தேறாவிட்டால் அவளுடைய நாலு பேர் கம்பெனியை மாதக் கடைசியில் மூட வேண்டியதுதான்.

“ஃபோர்மேன், நீங்க சொல்லுங்க. அலாரம் வந்ததும் போய்ப் பார்த்தீங்களா?”

கதவோரம் நின்றிருந்த ஃபோர்மேன் தரையைப் பார்த்தார். “பார்த்தேன் சார். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.”

“பதினோரு இடத்துலயுமா?”

“ஆமாம் சார்.”

“எங்க வீட்டு நாய்கூட இத்தனை தடவை சும்மா குரைக்காது” என்றார் கொள்முதல் அதிகாரி. தலைவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். ஃபோர்மேனை ஒரு பார்வை பார்த்தாள். மூடிவிட்டாள்.

“சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை சார்.”

“அப்ப முடிச்சுக்கலாம். சின்ன கம்பெனிகளோட கைகோக்கறது எப்படின்னு நான் ஒரு மாநாட்டுல பேசணும். இப்பவே லேட்டு.”

“விடுங்க சார், சின்னப் பொண்ணு” என்று குறுக்கே வந்தார் தேர்வுக் குழுவின் மூன்றாமவர், சோதனை நடந்த வட்டாரத்தின் பொறியாளர். “ராப்பகலா உழைச்சிருக்கு. மனசு நோகப் பேச வேண்டாம். ஏம்மா, இன்னும் கொஞ்சம் மெருகேத்தி அடுத்த வருஷம் கொண்டு வா. நானே சிபாரிசு பண்றேன்.”

அந்த அறையில் அவளிடம் அன்பாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். அவரும் கையெழுத்துப் போட்டார்: ‘தேறவில்லை.’

படியிறங்கிக்கொண்டிருந்தவளை ஃபோர்மேன் மூச்சிரைக்க வந்து பிடித்தார்.

“நில்லும்மா. நான் உள்ள சொன்னது பச்சைப் பொய். பதினோரு இடத்துலயும் இணைப்பு கருகியிருந்துச்சு. நான்தான் சுரண்டி முடுக்கி விட்டேன். உன் பெட்டி ஒரு தடவைகூடத் தப்பாக் கத்தலை.”

“தெரியும்ணே.”

“தெரியுமா?”

“ஒவ்வொரு அலாரத்துக்கு அப்புறமும் சூடு மளமளன்னு இறங்கினது லேப்டாப்புல இருக்கு. கரண்ட் ஒரு நொடிகூட நிக்கலைன்றதும் அதுலயே இருக்கு. கரண்டை நிறுத்தச் சொல்லி லைன் கிளியர் வாங்காம, கரண்ட் ஓடும்போதே கை வச்சிருக்கீங்க. அதைக் காட்டியிருந்தா நான் தேறியிருப்பேன். உங்களை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.”

ஃபோர்மேன் ஒரு படி இறங்கி அவள் எதிரே வந்தார். “நான் யாரும்மா உனக்கு? எனக்காகவா வாயை மூடிக்கிட்டே?”

“எனக்குப் போனது ஒரு கம்பெனி. வேற வேலை தேடிக்குவேன். உங்களுக்குப் பதினோரு தடவை உயிரே போயிருக்கும். இனிமேலாவது கரண்டை நிறுத்தாம ஏறாதீங்கண்ணே.”

“நானா ஏறலைம்மா...” அவர் மீதியை விழுங்கிக்கொண்டார்.

“ஒரு உதவி பண்ணுங்க. எனக்காகப் பேசினாரே உங்க பொறியாளர், அவர்கிட்ட நன்றின்னு சொல்லிடுங்க. மனசு இருந்த இருப்புல சொல்லாமலே எழுந்து வந்துட்டேன்.”

ஃபோர்மேன் நிமிர்ந்து பார்த்தார். படி திரும்பும் இடத்தில் பொறியாளர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

“சொல்லிடறேம்மா. நீ பார்த்துப் போ” என்றார் ஃபோர்மேன்.

அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

‘லைன் கிளியர் கேட்டா பதிவாயிடும்யா. மூணு வருஷமா நாம பராமரிப்புக்குன்னு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கலைன்னு தெரிஞ்சுடும். சத்தமில்லாம முடிச்சுடு’ என்று பதினோரு தடவையும் போனில் சொன்ன பொறியாளர், வந்த வழியே சத்தமில்லாமல் மேலே ஏறிப் போனார்.