இருபத்து மூன்றாம் பாகத்தின் தாய்

'வளையப் படை' நாவல் வரிசையின் இருபத்து மூன்றாம் பாகத்தைக் குணவதி வருடத்துக்கு ஒருமுறைதான் திறப்பாள், எல்லையில் தன் மகன் இறந்த தேதியில். அந்தப் பாகத்தில், சனிக்கோள் போரில் சிப்பாய் மாசிலாமணி சாகிறான். அவன் தாய் செண்பகம், செய்தி சொல்ல வந்த அதிகாரியை உட்காரவைத்து மோர் கொடுக்கிறாள். தன் மகனின் செய்தி வந்த அன்று குணவதியும் அப்படித்தான் கொடுத்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருடம் அந்த அத்தியாயத்தில் அதிகாரி வரவில்லை. மாசிலாமணியே தோளில் பையோடு வந்து கதவைத் தட்டினான். செண்பகம் சிரித்துக்கொண்டே அவனுக்குச் சோறு போட்டாள். குணவதி திரையில் பக்கங்களை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். மோர்ச் செம்பு எங்குமே இல்லை. கடைசியில் ஒரு குறிப்பு இருந்தது: 'வாசகர் கருத்துகளின்படி திருத்தப்பட்டது. எல்லாப் பிரதிகளும் மாற்றப்பட்டுவிட்டன.'

எதிர்வீட்டுத் தமயந்தி ஆசையாக ஓடிவந்தாள். "பாத்தீங்களாக்கா? நம்ம பிளாக்ல எல்லா வீட்டுக்காரங்களும் சேந்துதான் கருத்து எழுதினோம். வருஷா வருஷம் இதைப் படிச்சிட்டு நீங்க அழுறத எங்களால தாங்க முடியல."

"நல்லா இரும்மா," என்றாள் குணவதி.

தமயந்தி போனதும் கருத்துப் பெட்டியைத் திறந்தாள். அவனைச் சாகடியுங்கள் என்று எழுதக் கை வரவில்லை. யார் பெற்றால் என்ன, பிள்ளை பிள்ளைதானே. ஐந்து நட்சத்திரங்களையும் கொடுத்துவிட்டு எழுதினாள்:

'செண்பகத்தின் மகன் வந்துவிட்டான். சந்தோஷம். இனி நான் ஒருத்திதான்.'