பல் டாக்டர் வீட்டுப் பவளம்

“மூணு நாளா வாயைத் திறக்கவே மாட்டேங்குது. வெளுத்து வேற போச்சு. கொஞ்சம் உடனே வர முடியுமா?”

போனில் கெஞ்சிக்கொண்டிருந்தவர் பல் டாக்டர். காலையிலிருந்து பதினோரு பேரை வாயைத் திறக்க வைத்துவிட்டு வந்தவர். ஆனால் இப்போது பேச்சு நோயாளியைப் பற்றி அல்ல; கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் இருந்த பவளத்தைப் பற்றி.

மனைவி போய் நாலு வருஷம். வேலை முடிந்து வந்தால் அப்பா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாரே என்று மகள்தான் அந்தக் கடல்நீர்த் தொட்டியை வாங்கி வைத்தாள். பாறையெல்லாம் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பவள மொட்டுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குட்டி வாய். தோதுப்பட்டால் விரியும், இல்லாவிட்டால் சுருங்கிக்கொள்ளும். இரண்டு மாதத்தில் சுருங்கியது இது நாலாவது தடவை.

தொட்டிக்காரம்மா அரை மணியில் வந்துவிட்டார். கடல்மீனும் பவளமும் விற்கும் கடை அவருடையது. ஐம்பது வயது, ஒண்டிக்கட்டை, தோளில் எப்போதும் ஒரு துண்டு.

“உப்பு சரியா இருக்கு. சூடு சரியா இருக்கு. சுண்ணாம்புச் சத்தும் குறையல.” சோதனைக் குழாயை ஆட்டிப் பார்த்தார். “வெளிச்சமும் அஞ்சுலதான் இருக்கு. எல்லாம் சரியா இருந்தும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கு பாருங்க, எங்க அக்கா மாதிரி!”

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கு அவ்வளவு சிரிப்புத் தேவையில்லை என்று டீ கொண்டுவந்த மகளுக்குத் தோன்றியது.

பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுத் தொட்டிக்காரம்மா ஸ்டூல் மேல் ஏறினார். சங்கிலியில் தொங்கிய விளக்கை ரொம்ப நேரம் துடைத்தார். ஸ்டூல் ஆடுகிறதா என்ற கவலையிலேயே டாக்டர் அதன் காலை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இந்தத் தடவை தேறிட்டா அப்புறம் நான் வர வேண்டியதே இல்ல, டாக்டர்.”

“அப்படியா?” என்றார் டாக்டர். குரல் உள்ளே போய்விட்டது.

அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் டாக்டர் நேரே தொட்டியிடம் போனார். தொட்டிக்கு அடியில் இருந்த விளக்கின் திருகை ஐந்திலிருந்து ஒன்பதுக்குத் திருப்பினார்.

ஆமாம், இத்தனை நாளும் நடந்தது இதுதான். ஒன்பதில் வைத்தால் வெளிச்சம் தாங்காமல் பவளம் சுருங்கும். சுருங்கியதும் திருகைப் பழையபடி ஐந்துக்குக் கொண்டுவந்துவிட்டு டாக்டர் போன் பண்ணுவார். தொட்டிக்காரம்மா வருவார், டீ குடிப்பார், அக்கா கதை சொல்வார். சாகிற அளவுக்கு டாக்டர் விடமாட்டார். பவளத்திடம் தினமும் மன்னிப்பும் கேட்டுக்கொள்வார்.

ஆனால் இந்தத் தடவை கணக்குத் தப்பியது. மறுநாளே மெல்ல விரிந்த பவளம் மூன்றாம் நாளும் சுருங்கவில்லை. நாலாம் நாள் காலையில் பாறை முழுக்கக் கொத்துக் கொத்தாக விரிந்து நின்றது.

“அப்பா, இங்க பாருங்க, என்ன அழகு!” என்று மகள் குதித்தாள்.

“ம்,” என்றார் டாக்டர், கடன்காரனைப் பார்ப்பதுபோல் பவளத்தைப் பார்த்து.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் தொட்டிக்காரம்மா, துண்டும் பையுமாக.

“இந்தப் பக்கமா வந்தேன். வாடியிருக்குமேன்னு...” என்றபடி உள்ளே வந்தவர் தொட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். முகம் விழுந்துவிட்டது. “நல்லாவே ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சு,” என்றார் டாக்டர். ஏதோ துக்கச் செய்தி சொல்வதுபோல் இருந்தது.

தொட்டிக்காரம்மா குனிந்தார். திருகைப் பார்த்தார். நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தார்.

“ஒன்பதுல இருக்கு. யார் திருப்பினது?”

மகள் அப்பாவைப் பார்த்தாள். ‘வலிக்காது, வலிக்காது’ என்று முப்பது வருஷமாக நோயாளிகளிடம் கூசாமல் பொய் சொன்ன நாக்கு இன்று புரள மறுத்தது.

“நான்தான் மேடம். போன நாலு தடவையும் நான்தான். அது வாடினாத்தானே நீங்க வருவீங்க? நல்லாயிட்டா உங்களை எந்தச் சாக்குல கூப்பிடறது?”

சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். காது மடல் வரை சிவந்திருந்தது. “திட்டுங்க. இனிமே வரமாட்டேன்னுகூடச் சொல்லுங்க. தப்பு என்மேலதான்.”

தொட்டிக்காரம்மா திட்டவில்லை. நெற்றியைச் சுருக்கித் திருகையும் பவளத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நாலு நாளா ஒன்பதா?”

“நாலு நாளா.”

“எப்பவும் சுருங்கிடும், இந்தத் தடவை மட்டும் பூத்துடுச்சா?”

“அதான் எனக்கும் புரியல மேடம். இந்நேரம் கருகியிருக்கணும்!”

தொட்டிக்காரம்மா ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று டாக்டர் பதறிப்போய்க் கிட்டே ஓடினால், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“எப்படிக் கருகும்? வெளிச்சம் பத்தாம வாடட்டும், நீங்க மறுபடி கூப்பிடுவீங்கன்னு, விளக்கை ஒரு அடி மேல தூக்கிக் கட்டிட்டுப் போனதே நான்தானே, டாக்டர்!”