இறகுக்கு ஷாம்பு

"காலமை காய்ச்சலெண்டு வந்து படுத்தவன், இன்னும் ஒரு வாய் சாப்பிடேல்லை. நீ என்னடாவெண்டால் குருவி இறகுக்கு ஷாம்பு போட்டுக்கொண்டு நிக்கிறாய்!"

குசினி வாசலில் நின்று மாமி பத்மாவதி பொரிந்து தள்ளினார். யதுஷா திரும்பிப் பார்க்கவில்லை. கழுவிய இறகை ஹெயார் ட்ரையரால் காயவைத்து, தன் கொப்பியைத் திறந்தாள். ஆறு மாதமாக விடியற்காலைப் புல்வெளியில் நின்று அவள் வரைந்த பறவைகள் அதில் பக்கம் பக்கமாக இருந்தன.

"காகமெண்டு எழுதிப்போட்டு எழும்பு பிள்ளை. ஆர் கேக்கப்போகினம்?"

"காகமெண்டால் குப்பையை அள்ளிப்போட்டு விட்டிடுவினம், மாமி. பிழையாச் சொன்னால் திரும்பவும் நடக்கும்."

இறகின் அடி வெள்ளை, நுனி கறுப்பு. பதினேழாம் பக்கத்துச் செட்டையோடு அது அப்படியே பொருந்தியது. யதுஷா தன் மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"சேர், இது ஆட்காட்டிதான். கட்டைப் புல்லுக்குத்தான் வந்து இறங்குது. இனிமேல் புல்லை ஒட்ட வெட்டவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. இண்டைக்கே சொல்லுங்கோ."

"புருஷன் படுத்துக் கிடக்கிறான், இவளுக்குப் புல்லுக் கவலை!"

"அவருக்குக் காய்ச்சல் இல்லை, மாமி. பயம் இன்னும் தெளியேல்லை." யதுஷா இறகைத் தூக்கிக் காட்டினாள். "காலமை அவர் இறக்கின பிளேன்ர எஞ்சினுக்குள்ள இருந்துதான் இதை எடுத்தவங்கள். நாளைக்கும் அவர் அந்தப் புல்லுக்குப் பக்கத்து ஓடுபாதையாலதான் ஏறவேணும்."

மாமி குசினி லைட்டைப் போட்டுவிட்டு, கொப்பியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எதுக்கும் இன்னொருக்காப் பார், பிள்ளை."